பால்மணி சிவந்த வீடு

ஜுலைஹாவின் பால்மணி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சிவந்தது. மகளுக்குப் பால் கொடுக்கச் சட்டையை விலக்கியவள் அதைப் பார்த்ததும் பிள்ளையை அப்படியே பாயில் கிடத்திவிட்டாள். ஏழு மாதக் குழந்தை, கிடைக்கவிருந்தது கிடைக்காமல் போன கோபத்தில் வீறிட்டது. எப்போதும் பச்சையாகவே இருந்து பழகிய பொருள் அது. அப்படி ஒன்று உடம்பில் ஒட்டியிருப்பதையே அவள் மறந்துபோயிருந்தாள்.

உளுந்து அளவுதான் இருக்கும் அந்த மணி. பிள்ளை பெற்ற பெண்கள் எல்லோருக்கும் ஆஸ்பத்திரியிலேயே மார்பின் ஓரத்தில் ஒட்டிவிடுவார்கள். கசிகிற பாலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஊமை வைரஸ் இல்லையென்றால் பச்சை, இருந்தால் சிவப்பு. ஊமை என்று பெயர் வைத்தது ஜனங்கள். பெரியவர்கள் உடம்பில் அது ஒரு தும்மல்கூட வரவைக்காமல் கிடக்கும். பால் வழியே பிள்ளைக்குப் போனால்தான் தன் வேலையைக் காட்டும். மூன்று நான்கு வயதில் காது மந்தமாகும், அப்புறம் நடை தள்ளாடும், அதற்கப்புறம் பல பிள்ளைகள் இருப்பதில்லை. மருந்து கிடையாது. ஊருக்கு ஊர் சின்னச் சின்னக் குழிகளாக வெட்டி ஓய்ந்த பிறகுதான் மணி வந்தது.

மணி பிள்ளைகளைக் காப்பாற்றியது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதைச் செய்தவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. பெரியவர்களுக்குள் அந்த வைரஸ் தொற்ற ஊரறிந்த வழி ஒன்றுதான், அது படுக்கையறை வழி. ஆகவே மணி சிவந்தால், ஊர் பாலைப் பற்றி மட்டும் பேசாது. யோசித்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பார்கள் என்கிறீர்களா? வேறு நிறம் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

மணி தானாகவே சுகாதார அலுவலகத்துக்குச் சேதி சொல்லிவிடும். ஜும்ஆத் தொழுகைக்கு ஆண்கள் கிளம்பும் நேரத்தில் வெள்ளை வேன் வந்து ஜுலைஹாவின் வீட்டு வாசலில் நின்றது. இதைவிடப் பொருத்தமான நேரம் அதற்குக் கிடைத்திருக்காது. தெருவே பார்த்தது.

சங்குப்பட்டணத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தாலும் அவள் பிறந்த வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் வீட்டுக்கு வருவார். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்த பின் அந்த வீட்டில் இருந்தது இரண்டு சகோதரிகள். மூத்தவள் மர்ளியா, கல்யாணமாகி, வெளியூரில் வியாபாரம் செய்யும் கணவரோடு பல வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, போன ரமலானுக்குச் சற்று முன்னால் ஒரு நாலு மாத ஆண் பிள்ளையைக் காப்பகத்திலிருந்து தத்தெடுத்தவள். அவனுக்கு அனீஸ் என்று பெயர் வைத்திருந்தாள். இளையவள் ஜுலைஹா. அவள் கணவன் இல்யாஸ், செங்கடல் கரையில் புதிதாக எழும்பும் ஒரு நகரத்தில் வேலை பார்க்கிறான். மகளைப் பார்க்க விடுப்பில் வந்துவிட்டுத் திரும்பிப் போய் இரண்டரை மாதம் ஆகிறது.

வேனிலிருந்து இறங்கியது டாக்டர் நிறைமதி. நாற்பது வயதிருக்கும், தூக்கம் போதாத முகம். முதலில் குழந்தையைச் சோதித்தார், பிறகுதான் தாயிடம் பேசினார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவரை மதிக்கலாம்.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்லம்மா. மணி ரொம்ப ஆரம்பத்துலயே பிடிச்சிடும். நீங்க உடனே நிறுத்தினது நல்லதாப் போச்சு. இனிமே ஒரு சொட்டுகூட கூடாது. பால் வத்துறதுக்கு மாத்திரை தர்றேன்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் ஜுலைஹா. அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

"எங்கிருந்து வந்துச்சுன்னு நான் கேட்டாகணும். தப்பா நினைக்காதீங்க. வீட்டுக்காரர் எப்ப கடைசியா வந்தார்?"

"போயி ரெண்டரை மாசமாவுது."

"சிலருக்கு மூணு வாரத்துல மணி காட்டும், சிலருக்கு மூணு மாசம்கூட ஆகும். அவரையும் சோதிக்கச் சொல்லுவாங்க." டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "இன்னொரு வழியும் இருக்கு. அதை யாரும் நினைக்க மாட்டாங்க."

பக்கத்தில் மர்ளியா உட்கார்ந்திருந்தாள். மடியில் அனீஸ் அவளுடைய வளையலைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"பிள்ளை குடிக்கிறப்ப பால் மட்டும் வெளிய வர்றதில்ல. அது உறிஞ்சி விடுறப்ப அதோட எச்சில் கொஞ்சம் மார்புக்குள்ள திரும்பிப் போகும். பிள்ளைக்குச் சளி பிடிச்சா தாயோட உடம்பு அதைத் தெரிஞ்சுக்கிட்டு, அதுக்கு வேணுங்கறதை அடுத்த பால்ல சேர்த்து அனுப்புது. நல்லதுக்காக இருக்கிற வழிதான். ஆனா பிள்ளைகிட்ட இந்த வைரஸ் இருந்தா, அதுவும் அந்த வழியாவே தாய்க்குப் போயிடும்."

"எம் மவளுக்குத்தான் இல்லேன்டு சொன்னீங்களே."

"உங்க மகளுக்கு இல்ல. வேற பிள்ளை யாருக்காவது கொடுத்தீங்களா?"

டாக்டர் அனீஸைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அவர் கொஞ்சம் மெனக்கெட்டது தெரிந்தது.

"கொடுத்திருந்தா?" என்று கேட்டது மர்ளியா.

"சட்டப்படி தப்பு. ஒரு தாயோட பால் அவ பெத்த பிள்ளைக்கு மட்டும்தான்ங்கறது உங்களுக்கே தெரியும். அதைக்கூட விட்டுடுவாங்க. ஆனா அந்தப் பிள்ளையைச் சோதிக்கணும். இருந்துச்சுன்னா, பெத்தவங்க வீட்டுலயே வெச்சுக்கறோம்னு சொல்லலாம், யாரும் கை வைக்க முடியாது. தத்துப் பிள்ளைன்னா அந்த உரிமை கிடையாது. திரும்பக் காப்பகத்துக்குத்தான்."

"அங்கே மருந்து ஈக்குதா?"

"மருந்து எங்கேயும் இல்லம்மா. கவனிச்சுப்பாங்க. என்ன ஆகுதுன்னு பார்த்துக்கிட்டே இருப்பாங்க."

"இந்தப் புள்ளை கூட ஈந்தா மத்த புள்ளைக்கு ஒட்டுமா?" என்று மறுபடி கேட்டாள் மர்ளியா. வாய் தவறி 'இந்த' என்று சொல்லிவிட்டதை அவள் கவனிக்கவில்லை.

"ஒட்டாது. கூட விளையாடினா, ஒரே தட்டுல சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. பால் மட்டும்தான்." டாக்டர் ஜுலைஹாவின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்றதை நான் எழுதிக்கணும். சொல்லாததை எழுத வேண்டியதில்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

"நான் யாருக்கும் கொடுக்கல" என்றாள் ஜுலைஹா.

கொடுத்திருந்தாள். ஐந்து முறை கொடுத்திருந்தாள்.

மார்க்கத்தில் தத்துப் பிள்ளை சொந்தப் பிள்ளை ஆவதில்லை. வளர்க்கலாம், படிக்கவைக்கலாம், சொத்தில் கொஞ்சம் எழுதி வைக்கலாம். ஆனால் அவன் மீசை முளைத்து நிற்கும் நாளில், வளர்த்தவளே அவன் முன்னால் அந்நியப் பெண்ணாக முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சலில் கிடந்தால் நெற்றியைத் தொட முடியாது. இதற்கும் மார்க்கமே ஒரு வழி வைத்திருக்கிறது. வளர்ப்பவளின் கூடப்பிறந்தவள் அந்தப் பிள்ளைக்கு ஐந்து முறை வயிறு நிறையப் பால் கொடுத்துவிட்டால், கொடுத்தவள் பால்தாய், வளர்த்தவள் பெரியம்மா. பிறகு திரையில்லை. முன்பெல்லாம் சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்து, சந்தோஷமாக, சொல்லிக்கொண்டே செய்வார்கள். புதுச் சட்டம் வந்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டியதாயிற்று.

மர்ளியா கேட்டபோது ஜுலைஹா தயங்கவே இல்லை. பெருநாளுக்கு முந்தின வாரம் அது. ஆண்களிடம் சொல்லவில்லை. பையன் வளர்ந்தபின் சொல்லிக்கொள்ளலாம், அதற்குள் சட்டமும் மாறிவிடும் என்று நினைத்தார்கள். வைரஸ் என்ற நினைப்பே வரவில்லை. பிறந்த அன்றே சோதித்ததாகக் காப்பகத்தில் சொல்லியிருந்தார்கள். பெற்றவள் காப்பகத்திலேயே பெற்று, மணி ஒட்டும் முன்பே சில நாள் பால் கொடுத்துவிட்டுத்தான் விட்டுப்போனாள் என்றும் சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டு மர்ளியா, "பாவம், ஒரேயடியா வெறுத்துட்டுப் போவல" என்று கண் கலங்கினாளே தவிர, சோதனை முதலில், பால் பிறகு என்பதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஐந்தாவது முறை குடித்து முடித்து, வாயோரம் பால் வழிய அனீஸ் தூங்கிப்போனான். அப்போது மர்ளியா தங்கையின் கையைப் பிடித்து முத்தமிட்டாள். "இனி இவனை ஊர்ல யாரும் அசலார் புள்ளைன்டு சொல்ல முடியாதுளா" என்றாள். அந்த அறையில் அன்று இருந்த சந்தோஷத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறெரிகிறது.

வேன் போனதும் இருவரும் அதே அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் சொல்லிடவா?" என்றாள் மர்ளியா.

"சொன்னா?"

"உம் மேல பழி வராதுல்ல."

"அவனைத் தூக்கிட்டுப் போவாங்க ராத்தா."

"தெரியும்." அதைச் சொல்லும்போது மர்ளியாவின் இரண்டு கைகளும் பிள்ளையைச் சுற்றி இறுகின. சொல்லிவிடுகிறேன் என்று வாய் சொன்னதை அவள் கைகள் ஒப்புக்கொள்ளவில்லை.

"அப்ப வாயை மூடிக்கிட்டு ஈங்க. அவங்க சட்டத்துல நான் அவனுக்கு யாருமில்ல. நம்ம சட்டத்துல நான் உம்மா. பெத்தவ தரமாட்டேன்டு சொல்லலாமாம், டாக்டர் சொன்னாஹல்ல? நானும் தரமாட்டேன்."

"மாப்பிள்ளைகிட்டயாவது சொல்லேன்."

ஜுலைஹா அதையும் யோசித்துத்தான் இருந்தாள். இல்யாஸ் நல்லவன். ஆனால் அவன் வயிற்றில் எதுவும் தங்காது. அவனுக்குத் தெரிந்தால் அவன் உம்மாவுக்குத் தெரியும். மாமியோ அனீஸ் வந்த நாளிலிருந்தே, "யாரு பெத்ததோ, எந்த ரத்தமோ, எம் பேத்தி ஈக்குற வீட்டுல" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பவள். அவளுக்குத் தெரிந்த அன்றைக்கே வேன் மறுபடி வரும். ஒட்டாது என்று டாக்டர் சொன்னதெல்லாம் அவள் காதில் ஏறாது.

மாமி சாயங்காலமே வந்துவிட்டாள். உட்காரவில்லை. பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளவும் இல்லை.

"எம் மவன் வெயில்ல வெந்துக்கிட்டு ஈக்குறான்" என்றாள். "நீ யாருகிட்ட வாங்குனே?"

ஜுலைஹா மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"பேசமாட்டா. எப்புடிப் பேசுவா?"

அடுத்த சில நாட்களில் அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் நின்றுபோனார்கள். குர்ஆன் ஓதக் கற்றுக்கொள்ள வந்துகொண்டிருந்த சின்னப் பிள்ளைகளை அவர்களுடைய உம்மாமார்கள் அனுப்பவில்லை. மீன்காரர் வழக்கமாக வாசலில் நின்று குரல் கொடுப்பவர், இப்போது பக்கத்து வீட்டோடு திரும்பிப் போனார். ஒரு பெண்ணின் உடம்பில் ஒட்டியிருக்கும் உளுந்தளவு மணியின் நிறம் மீன்காரர் வரைக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேட்காதீர்கள். நம் ஊர்களுக்கு அந்த விஷயத்தில் எந்த இயந்திரமும் தேவைப்பட்டதில்லை.

ஜுலைஹா மாத்திரை போட்டாள். பால் வற்றிக்கொண்டே வந்தது. மகள் புட்டிப்பாலுக்குப் பழகிவிட்டாள். அனீஸ்தான் அவளைப் பார்த்தால் கையை நீட்டினான். வேண்டுமென்றே அவள் அவன் பக்கம் போகாமல் இருந்தாள்.

பிறகு ஒரு நாள் மதியம் இல்யாஸ் வீடியோவில் வந்தான். அதற்கு முன்பும் அவன் அழைத்திருந்தான். குழந்தையைக் காட்டு என்பான், பார்ப்பான், வைத்துவிடுவான். அன்று குழந்தையைக் கேட்கவில்லை. முகம் வீங்கியிருந்தது.

"ஜுலைஹா, உன்னை என்ன என்னமோ சொல்லுறாங்களாம். உம்மாவும் சொல்லுறாஹ."

"சொல்லட்டும் மச்சான்."

"நீ ஏன் திருப்பிப் பேச மாட்டேங்குறே? ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்குறே?"

ஜுலைஹாவுக்குப் புரியவில்லை. திரையில் அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"என்னாலதான். நான்தான் கொண்டாந்து உனக்குக் கொடுத்துட்டேன். இங்கே ஒருத்தி... ஊருக்கு வாறதுக்கு முந்தி. ரெண்டு மூணு மாசம். அப்புறம் விட்டுட்டேன், அல்லாஹ் மேல சத்தியமா விட்டுட்டேன். நீ தெரிஞ்சுக்கிட்டுத்தான் வாய் பேசாம ஈக்குறேன்டு நினைக்க நினைக்க எனக்குச் சோறு எறங்கல. உம்மாகிட்டயும் சொல்லிட்டேன். ஜமாஅத்துலயும் சொல்லிடுறேன். உன்னை இனி ஒருத்தன் ஒரு சொல்லு சொல்லக்கூடாது."

அவள் அதுவரை அழுத அழுகை வேறு, இப்போது வந்தது வேறு. ஊர் முழுக்கத் தன்னைச் சந்தேகப்பட்டபோதுகூட அவள் அவனைச் சந்தேகப்பட்டதில்லை. வைரஸ் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும் என்பதால், அவன் யாரோடு இருந்தான் என்று அவள் யோசிக்கக்கூட இல்லை. இல்லாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்க வந்தவன், இருந்த குற்றத்தை அவள் மடியில் கொட்டிவிட்டுப் போகிறான். 'உங்களால் இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் நெஞ்சு லேசாகும். சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

"மன்னிச்சிடு ஜுலைஹா."

"மன்னிச்சுட்டேன் மச்சான்" என்றாள் உடனே. கோபப்படவும் சண்டை போடவும் அவளுக்கு உரிமை இருந்தது. சண்டை போட்டால் ஏதாவது வாயில் வந்துவிடும் என்ற பயத்தில் அதையும் விட்டுக்கொடுத்தாள்.

ஊர் அப்படியே திரும்பியது. ஜுலைஹா பொறுமைசாலி என்றார்கள். கணவனின் மானத்தைக் காப்பாற்றத் தன் மேல் பழியை வாங்கிக்கொண்டவள் என்றார்கள். மாமி ஒரு சட்டி நிறைய வட்டலப்பம் செய்து எடுத்துக்கொண்டு வந்து, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, "எம் வயித்துல பொறந்தது இப்புடிப் போயிருச்சே" என்று அழுதாள். ஓத வரும் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், மீன்காரரும் வந்தார். மர்ளியா மட்டும் தங்கையின் முகத்தை நேராகப் பார்க்காமல் சமையலறையிலேயே வேலை செய்துகொண்டிருந்தாள். ஒரு தடவை, தேங்காய் துருவிக்கொண்டே, "அல்லாஹ்வே ஒரு வழி காட்டிட்டான்" என்றாள். ஜுலைஹாவுக்கும் கொஞ்சம் அப்படித்தான் தோன்றத் தொடங்கியிருந்தது. அதுதான் கொடுமை.

இல்யாஸ் விடுப்பெடுத்து ஊருக்கு வந்தான். இங்கேயே சோதித்துக்கொண்டு, மனைவியின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வந்தான். மெலிந்திருந்தான். மகளைத் தூக்கவே பயந்தான். ஒட்டாது என்று ஜுலைஹா சொன்ன பிறகுதான் தூக்கினான். டாக்டர் நிறைமதி ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். போகும்போது ஜுலைஹாவை ஒருமுறை பார்த்தார். "முடிவு ரெண்டு நாள்ல அவர் போனுக்கே வந்துடும்" என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இரக்கம் இருந்தது.

அந்த இரண்டு நாட்களும் அவன் அவளை அப்படிப் பார்த்துக்கொண்டான். அவளை எழுந்து தண்ணீர் எடுக்கவிடவில்லை. "உன்னை மாதிரி ஒருத்தி எனக்குக் கிடைச்சது என் உம்மா வாப்பா செஞ்ச நன்மை" என்றான். அவளுக்கு அவனைப் பார்க்க அருவருப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. எல்லாம் சொல்லிவிடலாமா என்று ஒருமுறை வாயெடுத்தாள். அப்போதுதான் அவன், கூடத்தில் தவழ்ந்து வந்த அனீஸைக் காலால் மெல்ல ஒதுக்கிவிட்டு, "இந்தப் பயலை நம்ம புள்ளை பக்கத்துல விடாதளா, எங்கேருந்து வந்ததோ" என்றான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

முடிவு வந்தபோது கூடத்தில் அவர்கள் இருவரும்தான் இருந்தார்கள். காலைச் சாப்பாடு முடிந்து, அவன் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். படித்தான். மறுபடி படித்தான். "எனக்கு இல்ல" என்றான். "ஜுலைஹா, எனக்கு ஒண்ணும் இல்லையாம்! வரவே இல்லையாம்!" சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது. நன்றிக்கு நெற்றி தரையில் பட சுஜூதில் விழுவதற்கு மேற்கே திரும்பினான்.

திரும்பியவன் குனியவில்லை. அப்படியே நின்றான்.

அவன் முகத்தைப் பார்க்க ஜுலைஹாவுக்கு அவசியமிருக்கவில்லை. முதுகே சொல்லியது. நிதானமாக அவள் பக்கம் திரும்பினான்.

"அப்ப உனக்கு?"

அவள் எழுந்து நின்றாள். கொடியில் கிடந்த மகளின் சட்டையை எடுத்து, எதற்கென்று இல்லாமல் மடித்தாள்.

"உன்னைத்தான் கேக்குறேன். நான் அங்கே உக்காந்து எல்லாத்தையும் சொல்லி அழுதப்ப, நீ ஒரு கேள்வி கேக்கல. அவ யாருன்டு கேக்கல. ஏன் செஞ்சேன்டு கேக்கல. ஒரு நிமிசம் கோபப்படல." அவன் குரல் தாழ்ந்தது. "அதான் அவ்வளவு சீக்கிரம் மன்னிச்சியா?"

அறைக் கதவு திறந்தது. மர்ளியா அனீஸை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. உதடு அசைந்தது. இந்தத் தடவை அவள் உண்மையிலேயே சொல்லிவிடுவாள் என்று ஜுலைஹாவுக்குத் தெரிந்துபோயிற்று.

"மாப்பிள்ளை" என்று தொடங்கினாள் மர்ளியா, "அது வந்து..."

"ஆமா" என்றாள் ஜுலைஹா, இல்யாஸைப் பார்த்து. "அதான் மன்னிச்சேன்."